கூண்டு... நாய்க்கு அறையா, சிறையா? வாங்கும் முன் அளக்க வேண்டியவை, கதவைச் சாத்தும் முன் யோசிக்க வேண்டியவை!

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சென்னைப் புறநகரில் ஓர் அப்பார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடி. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள். ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கியிருக்கும் பாட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மாத லேப்ரடார் குட்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. மகள் அதற்கு 'லட்டு' என்று பெயர் வைக்கிறாள். குட்டிக்கு முன்பே, ஆன்லைனில் ஆர்டர் செய்த மடக்குக் கூண்டு வந்து இறங்கிவிட்டது.

இரவு 11 மணி. லட்டுவைக் கூண்டுக்குள் விட்டு, கதவைச் சாத்தி, ஹால் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் படுக்கப் போகிறார்கள். ஐந்தே நிமிடத்தில் அழுகை ஆரம்பிக்கிறது. முதலில் முனகல். பிறகு ஊளை. பிறகு கம்பியைப் பிராண்டும் சத்தம்.

"ஏம்மா, பச்சப்புள்ளைய அதோட அம்மாகிட்டேருந்து பிரிச்சுக் கொண்டாந்து கூண்டுல போட்டா, அது அழாம என்ன பண்ணும்?" என்கிறார் பாட்டி.

"கண்டுக்காம விட்டா ரெண்டு நாள்ல சரியாயிடும்னு வீடியோல சொன்னாங்க அத்தை" என்கிறார் மருமகள். ஆனால், அவருக்கும் தூக்கம் வரவில்லை. காலையில் லிஃப்ட்டில் கீழ்வீட்டுக்காரர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற கவலை வேறு.

யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி, பாதி தவறு. அந்த மீதிப் பாதி தெரியாமல்தான், ஆசையாகக் கொண்டுவந்த குட்டியை, 'எங்களால முடியல, யாருக்காவது கொடுத்துடலாம்' என்று பேசும் நிலைக்குச் சில குடும்பங்கள் வந்துவிடுகின்றன.

'கூண்டு' என்றாலே ஏன் நமக்கு மனசு கேட்பதில்லை?

காரணம் இருக்கிறது. நம் ஊரில் நாய்க்கூண்டு என்றால் நினைவுக்கு வருவது, தனி வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே, வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த இரும்புக் கூண்டு. பகல் முழுக்க நாய் அதற்குள். இரவில் மட்டும் காம்பவுண்டுக்குள் அவிழ்த்துவிடுவார்கள். விருந்தாளி வந்தால் உள்ளே, பால்காரர் வந்தால் உள்ளே, குழந்தைகள் விளையாடினால் உள்ளே. மனிதர்களோடு பழகவே வாய்ப்பில்லாமல் வளரும் அந்த நாய், வருகிறவர்களைப் பார்த்துச் சீறுவதில் ஆச்சர்யம் இல்லை. 'ரொம்ப கோவக்கார நாய்' என்று பெயர் வாங்கிக்கொடுத்து, அதையே காரணம் காட்டி இன்னும் கூடுதல் நேரம் அடைப்பார்கள்.

இன்று பெட் ஷாப்களில் 'கிரேட்' என்ற பெயரில் விற்கும் கூண்டின் நோக்கம் இதற்கு நேரெதிர். நாய் ஓய்வெடுக்கவும் தூங்கவும், 'இது என் இடம்' என்று உணரவும் ஒரு மூலை. ஆனால், பெயரை மாற்றிவிட்டால் மட்டும் கூண்டு அறையாகிவிடாது.

நம் தெருநாயைக் கவனித்தால் இது புரியும். மதிய வெயிலில் அது எங்கே படுக்கிறது? நிறுத்தியிருக்கும் காருக்கு அடியில். டீக்கடை பெஞ்சுக்குக் கீழே. கட்டட வேலைக்குக் கொட்டிய மணலில் பள்ளம் பறித்து. குட்டி போடும் நேரத்தில் குழாய்க்குள்ளோ, புதர் மறைவிலோ இடம் தேடுகிறது. மேலே மறைப்பும் முதுகுக்குப் பின்னால் தடுப்பும் இருக்கும் இடம் நாய்க்குப் பிடிக்கும். ஆனால், காரைக் கிளப்பும் சத்தம் கேட்டால் அது எழுந்து போய்விடலாம். அந்த இடத்துக்குக் கதவு கிடையாது.

நாய்க்குக் கூண்டு அறையா, சிறையா என்பதை முடிவு செய்வது இரண்டே விஷயங்கள்தான். ஒன்று, அது தானாக உள்ளே போகிறதா. இரண்டு, எவ்வளவு நேரம் கதவு சாத்தியிருக்கிறது. விலையும் பிராண்டும் அதற்கு அப்புறம்.

எல்லா நாய்க்கும் கூண்டு வேண்டுமா?

வேண்டியதில்லை. கூண்டே இல்லாமல் நன்றாக வளர்ந்த நாய்கள் ஏராளம். வீட்டில் எப்போதும் ஆள் இருந்து, நாய் படுக்க அமைதியான மூலை ஒன்றும் இருந்தால் மெத்தையே போதும்.

ஆனால், சில நேரங்களில் கூண்டுப் பழக்கம் பெரிய உதவி. குட்டிக்கு டாய்லெட் பழக்கும்போது. ஒயர், செருப்பு, மாத்திரை அட்டை என்று கண்டதைக் கடிக்கும் வயதில் சிறிது நேரம் பாதுகாக்க. காரிலோ ரயிலிலோ விமானத்திலோ அழைத்துச் செல்ல. அறுவை சிகிச்சை முடிந்து அசையாமல் வைத்திருக்க.

கடைசிக் காரணத்தைப் பலரும் யோசிப்பதில்லை. கால் எலும்பு முறிவு, முதுகெலும்பு டிஸ்க் பிரச்னை போன்றவற்றுக்கு 'கேஜ் ரெஸ்ட்' என்று வாரக்கணக்கில் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தச் சொல்வார் மருத்துவர். ஏற்கெனவே கூண்டில் தூங்கிப் பழகிய நாய்க்கு அது தன் படுக்கை. பழகாத நாய்க்கு, வலியோடு சேர்ந்து பயமும் வரும்.

இஞ்ச் டேப்பை எடுங்கள்!

'லேப்ரடார்னா இந்த சைஸ்' என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே வாங்க வேண்டாம். ஒரே இனத்திலும் நாய்க்கு நாய் உடல்வாகு மாறும். நாயே தலையைக் குனியாமல் நிற்க வேண்டும், இடிக்காமல் ஒரு சுற்று திரும்ப வேண்டும், கால்களை நீட்டி ஒருக்களித்துப் படுக்க வேண்டும். இந்த மூன்றும் முடிந்தால்தான் அது சரியான அளவு.

கணக்காகப் பார்க்க வேண்டுமென்றால், விமானத்தில் நாயை அனுப்புவதற்கு சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா வைத்திருக்கும் முறை கைகொடுக்கும். நாயை நிற்கவைத்து நான்கு அளவு எடுக்க வேண்டும்.

* மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளம்.
* தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரை உள்ள உயரம்.
* தோள்பட்டை அகலம்.
* தரையிலிருந்து தலை உச்சி அல்லது காது நுனி வரை, எது அதிகமோ அந்த உயரம்.

கூண்டின் நீளத்துக்கு முதல் அளவோடு இரண்டாவது அளவில் பாதியைக் கூட்ட வேண்டும். அகலத்துக்குத் தோள்பட்டை அகலத்தை இரண்டால் பெருக்க வேண்டும். உயரத்துக்கு நான்காவது அளவோடு மெத்தையின் தடிமனைச் சேர்க்க வேண்டும்.

உதாரணமாக, மூக்கிலிருந்து வால் வரை 80 சென்டிமீட்டர், முழங்கை உயரம் 36, தோள் அகலம் 24, நின்றால் உயரம் 62 என்று வைத்துக்கொள்வோம். கூண்டின் உட்புறம் குறைந்தது 98 சென்டிமீட்டர் நீளம், 48 அகலம், 62-க்கு மேல் மெத்தையின் தடிமன் சேர்ந்த உயரம் இருக்க வேண்டும். கடையில் '42 இஞ்ச்' என்று விற்கும் கூண்டின் நீளம் சுமார் 107 சென்டிமீட்டர். அது பொருந்தும். '36 இஞ்ச்' என்றால் சுமார் 91 சென்டிமீட்டர்தான். விலை குறைவு என்று அதை வாங்கினால் நாய் சுருண்டுதான் படுக்கும்.

பக், ஷிட்ஸு, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இதைவிடப் பெரிதாகவும், காற்றோட்டம் கூடுதலாகவும் இருக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற நம் ஊர் நாய்களுக்குக் கால் நீளம். எடையை மட்டும் பார்த்து வாங்கினால் தலை மேலே இடிக்கும். இவற்றுக்கு உயரத்தை முதலில் பாருங்கள்.

'ரொம்பப் பெரிசா வாங்கிட்டா நல்லதுதானே?'

வளர்ந்த நாய்க்கு நல்லதுதான். குட்டிக்கு அங்கேதான் சிக்கல். நாய்க்குட்டிக்குத் தான் தூங்கும் இடத்தை அசுத்தம் செய்யப் பிடிக்காது. டாய்லெட் பழக்கத்துக்குக் கூண்டு உதவுவது இந்தக் குணத்தால்தான். கூண்டு பெரிய ஹால் மாதிரி இருந்தால், ஒரு மூலையில் போய்விட்டு இன்னொரு மூலையில் நிம்மதியாகத் தூங்கிவிடும்.

அதற்காகக் குட்டிக்கு ஒன்று, வளர்ந்த பிறகு ஒன்று என்று இரண்டு வாங்க வேண்டியதில்லை. நடுவில் தடுப்பு வைக்கும் 'டிவைடர்' உள்ள பெரிய கூண்டு ஒன்று வாங்கினால், குட்டி வளர வளரத் தடுப்பை நகர்த்திக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை அதன் உயரத்தைப் பார்த்துத் தள்ளிவைக்க மறக்கக் கூடாது.

அழுக்கான கூண்டில் நீண்ட நாள் இருந்து வந்த குட்டிகளுக்கு இந்தக் குணம் மங்கியிருக்கலாம். அவை கூண்டிலேயே போய்விட்டால் அது திமிர் இல்லை, பழக்கதோஷம். திட்டாமல், இன்னும் அடிக்கடி வெளியே கொண்டுபோவதுதான் வழி.

இரும்பா, பிளாஸ்டிக்கா, துணியா?

மடக்குக் கம்பிக் கூண்டு: நம் வெயிலுக்கு முதல் சாய்ஸ் இதுதான். நான்கு பக்கமும் காற்று வரும். அடியில் உள்ள ட்ரேயை இழுத்துக் கழுவலாம். கம்பிகளுக்கு இடையில் குட்டியின் தலையோ தாடையோ நுழையாத இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

பிளாஸ்டிக் பெட்டி: பயணத்துக்கு ஏற்றது. விமானத்துக்குப் பெரும்பாலும் இந்த வகைதான். மறைவாக இருப்பதால் பயந்த சுபாவமுள்ள நாய்களுக்குப் பிடிக்கும். ஆனால், உள்ளே சூடு தங்கும். மின்விசிறி இல்லாத அறையில் வேண்டாம்.

துணிக் கூண்டு: எடை குறைவு, தூக்கிச் செல்லலாம். ஏற்கெனவே பழகிய, அமைதியான நாய்க்கு மட்டும். பல் முளைக்கும் குட்டி ஒரே நாளில் ஓட்டை போட்டுவிடும்.

பட்டறையில் செய்யும் கூண்டு: உறுதியாக இருக்கும், கேட்ட அளவில் கிடைக்கும். வெல்டிங் முனைகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று கையால் தடவிப் பாருங்கள். துரு, உரியும் பெயின்ட் இரண்டையும் நாய் நக்கும், கடிக்கும். தரையையும் கம்பியாக வைப்பது பெரிய தவறு. பாதம் புண்ணாகும். பலகையோ ரப்பர் மேட்டோ போட்டே ஆக வேண்டும்.

பிளே பென்: கூரையில்லாத மடக்கு வேலி. கூண்டைவிட இடம் பல மடங்கு கூடுதல். வீட்டில் ஆள் இல்லாத நேரம் அதிகம் என்றால், கூண்டுக்குப் பதில் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

எந்த வகையானாலும் ஒரு விதி மாறாது. உள்ளே விடும் முன் கழுத்துப் பட்டை, ஹார்னெஸ், தொங்கும் டோக்கன் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கம்பியில் மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடும். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அது உயிரையே எடுக்கும்.

பால்கனி வேண்டாம், மொட்டை மாடி வேண்டவே வேண்டாம்

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களில்தான் கொஞ்சம் வியர்வைச் சுரப்பிகள். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதுதான் அதன் முக்கியமான கூலிங் சிஸ்டம். சுற்றியுள்ள காற்றே சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் அதுவும் வேலை செய்யாது. வெளியே இருக்கும் நாய் நிழலைத் தேடிப் போகும். கூண்டில் இருக்கும் நாயால் நகர முடியாது. காலையில் நிழலாக இருந்த பால்கனியில் மதியம் 2 மணிக்கு வெயில் நேராக அடிக்கும் என்பதை, ஆபீஸில் இருக்கும் நாம் யோசித்திருக்க மாட்டோம்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினாலே அவசரம். அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை ஹீட் ஸ்ட்ரோக் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து, ஃபேனைப் போட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

கூண்டுக்குச் சரியான இடம், வீட்டார் புழங்கும் ஹாலின் ஒரு மூலை. நேர் வெயில், டி.வி ஸ்பீக்கர், வாசல் கதவு மூன்றுக்கும் தள்ளி. ஏ.சி காற்று நேராக முகத்தில் அடிக்கவும் கூடாது. கரன்ட் போனால் ஃபேன் ஓடுமா என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். கம்பியில் மாட்டும் தண்ணீர்க் கிண்ணம் கட்டாயம். தரையில் வைத்தால் தட்டிவிடும்.

கதவைச் சாத்த அவசரப்படாதீர்கள்

லட்டு வீட்டில் நடந்த தவறு, கூண்டை வாங்கியது இல்லை. குட்டி வந்த அன்றே, பழக்காமல், கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வேறு அறைக்குப் போனதுதான். இரண்டு மாதக் குட்டி அதுவரை ஒரு நாள்கூடத் தனியாகத் தூங்கியதில்லை. அம்மாவின் சூடும் உடன்பிறப்புகளின் மூச்சும் இல்லாத முதல் இரவு அது.

சரியான வழி மெதுவானது.

முதல் இரண்டு மூன்று நாள்: கதவைத் திறந்து, தானாகச் சாத்திக்கொள்ளாதபடி கயிற்றால் கட்டிவிடுங்கள். உள்ளே மெத்தை, ஒரு பொம்மை. அவ்வப்போது உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த சிக்கன் துண்டு ஒன்றை உள்ளே போடுங்கள். அது போய் எடுத்துக்கொண்டு உடனே வெளியே வந்தாலும் பரவாயில்லை. தூக்கி உள்ளே போடவோ, தள்ளவோ கூடாது.

அடுத்து: சாப்பாட்டுத் தட்டை வாசலில் ஆரம்பித்து, வேளைக்கு வேளை உள்ளே நகர்த்துங்கள். தயங்காமல் உள்ளே நின்று சாப்பிட ஆரம்பித்ததும், சாப்பிடும் நேரம் மட்டும் கதவைச் சாத்தி, முடித்தவுடன் திறந்துவிடுங்கள்.

பிறகு: 10 விநாடி, 30 விநாடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அது பழகிய பிறகு அறையைவிட்டு வெளியே போய் உடனே திரும்புங்கள். குட்டி பதற்றப்பட்டால், நீங்கள் வேகமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். ஒரு படி பின்னால் வாருங்கள்.

நன்றாக விளையாடி, டாய்லெட் போய்விட்டு, களைத்திருக்கும் நேரமாகப் பார்த்துப் பழக்கினால் பாதி வேலை மிச்சம். சில குட்டிகளுக்கு நான்கு நாள் போதும். சிலவற்றுக்கு ஒரு மாதம்கூட ஆகலாம்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. செருப்பைக் கடித்ததற்காகத் திட்டி, தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய்க் கூண்டில் போடக் கூடாது. பத்து நாள் பழக்கியது ஒரே நிமிடத்தில் வீணாகிவிடும்.

அழுதால் எடுக்கலாமா?

முதல் சில வாரங்களுக்குக் கூண்டை உங்கள் படுக்கையின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கையைத் தொங்கவிட்டால் குட்டி மோந்து பார்க்கும் தூரத்தில். பெரும்பாலான அழுகை இதிலேயே குறைந்துவிடும். பழகியதும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஹாலை நோக்கி நகர்த்தலாம்.

தூங்கிக்கொண்டிருந்த குட்டி நடு இரவில் எழுந்து முனகினால், பெரும்பாலும் சிறுநீர் வந்திருக்கும். பேச்சு, விளையாட்டு எதுவும் இல்லாமல் தூக்கிப்போய், இருக்க விட்டு, திரும்பவும் படுக்க வையுங்கள். இரண்டு மாதக் குட்டியால் இரவு முழுக்க அடக்க முடியாது. அது அழும் முன்பே நீங்கள் அலாரம் வைத்து எழுந்துகொண்டால், 'அழுதால்தான் கதவு திறக்கும்' என்ற பாடத்தை அது கற்காது. தடுப்பூசிகள் முடியும் வரை பார்வோ வைரஸ் பயம் உண்டு. அதனால் தெருவுக்குக் கொண்டுபோகாமல், பால்கனியில் பேப்பரோ பேடோ விரித்துப் பழக்குங்கள்.

லேசான முனகல் இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிட்டால் விட்டுவிடலாம். ஆனால் ஊளையிட்டு, எச்சில் ஒழுக, கம்பியைக் கடித்து, உடம்பு நடுங்கினால் அது அடம் இல்லை, பயம். அதைக் 'கண்டுக்காம' விட்டால் நாய் பழகாது. கத்திக் களைத்துப்போய்த்தான் அடங்கும். பாட்டி கேட்ட கேள்வியின் நியாயம் இங்கேதான்.

எத்தனை மணி நேரம்?

பரவலாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு. குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் அதனால் அடக்க முடிந்த உச்சம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதுவும் உச்ச அளவுதான். பகலில் அதற்கு முன்பே வெளியே விட வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒருமுறை. வளர்ந்த ஆரோக்கியமான நாயையும் பகலில் தொடர்ச்சியாக நான்கு மணி நேரத்துக்கு மேல் அடைத்து வைக்காமல் இருப்பது நல்லது.

இப்போது ஆபீஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலை 8.30 மணிக்குக் கிளம்பி, மாலை 6.30-க்குத் திரும்பினால் 10 மணி நேரம். இரவுத் தூக்கத்துக்கும் கூண்டு என்றால் இன்னும் 7 மணி நேரம். ஒரு நாளின் 24 மணி நேரத்தில் 17 மணி நேரம் கம்பிக்குள். எவ்வளவு விலை உயர்ந்த கூண்டாக இருந்தாலும், எவ்வளவு மெத்தென்று படுக்கை போட்டாலும், இது படிக்கட்டுக்கு அடியில் இருந்த பழைய இரும்புக் கூண்டுதான்.

வேலைக்குப் போகிறவர்கள் நாய் வளர்க்கவே கூடாதா? வளர்க்கலாம். ஆனால், இந்தக் கணக்கைக் குட்டி வரும் முன் போட வேண்டும். முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்கு மாறி மாறி லீவு. அதன் பிறகு, ஹாலில் பிளே பென் போட்டு அதற்குள் கதவு திறந்த கூண்டு, தண்ணீர், தள்ளி ஒரு மூலையில் டாய்லெட் பேடு. மதியம் ஒருமுறையாவது வந்து வெளியே விட ஒரு ஆள். அது தாத்தா, பாட்டியாக இருக்கலாம், எதிர்வீட்டுக் கல்லூரி மாணவராக இருக்கலாம், சம்பளத்துக்கு வரும் டாக் வாக்கராக இருக்கலாம். இது எதற்குமே வழியில்லை என்றால் குட்டியைத் தள்ளிப்போடுவது நல்லது. அல்லது, வளர்ந்த நாயைத் தத்தெடுப்பது பற்றி யோசிக்கலாம்.

எப்போது கூண்டே கூடாது?

தனியாக இருக்கவே முடியாத அளவுக்குப் பிரிவுப் பதற்றம் உள்ள நாய்களைக் கூண்டில் அடைத்தால் நிலைமை மோசமாகும். கம்பியைக் கடித்துப் பல் உடைத்துக்கொள்ளும், நகம் பிய்ந்து ரத்தம் வரும். வளைந்த கம்பி, எச்சிலில் நனைந்த மெத்தை, உள்ளேயே மலம் - இவற்றைப் பார்த்தால், 'இன்னும் ஸ்ட்ராங்கான கூண்டு' தேடாதீர்கள். கால்நடை மருத்துவரைப் பாருங்கள். இது சிகிச்சையும் பயிற்சியும் தேவைப்படும் பிரச்னை. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாயையும் அடைக்கக் கூடாது.

தீபாவளி அன்று...

மனிதர்களால் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்க முடியும். நாய்க்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். நமக்கு வெடிச்சத்தம் என்றால், அதற்கு என்னவாக இருக்கும்? கூண்டை வீட்டின் உள் அறையில் வைத்து, மூன்று பக்கமும் போர்வையால் மூடி, காற்று வர ஒரு பக்கத்தை விட்டு, கதவைத் திறந்தே வையுங்கள். தமிழ்நாட்டில் கடந்த பல ஆண்டுகளாகக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பட்டாசு நேரம் அறிவிக்கப்படுகிறது. எல்லோரும் அதைக் கடைப்பிடிப்பதில்லை என்பதால், மாலை வாக்கிங்கை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

நாய் கூண்டை விட்டுக் கட்டிலுக்கு அடியிலோ, பாத்ரூமிலோ ஒளிந்துகொண்டால் விட்டுவிடுங்கள். 'காசு போட்டு வாங்கினேனே' என்று கூண்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினால், பயத்தில் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும்.

ரயிலில் போகும்போது...

ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், முதல் வகுப்பு ஏ.சி-யில் கூபே அல்லது கேபின் முழுவதையும் நீங்களே புக் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் பிரேக் வேனில் உள்ள நாய்ப் பெட்டியில்தான் பயணம். தண்ணீரும் சாப்பாடும் நம் பொறுப்பு. மூடிய இடத்தில் இருந்தே பழகாத நாய்க்கு, ஓடும் ரயிலின் சத்தத்தில் அந்தப் பெட்டி எப்படி இருக்கும் என்று யோசித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே கூண்டுப் பழக்கத்தைத் தொடங்குவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11-ன்படி, அசைவதற்குப் போதுமான உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் விலங்கை அடைப்பது குற்றம். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாயை உலாவ விடாமல் இருப்பதும் அதே பிரிவின் கீழ் குற்றம். முதல் முறைக்கான அபராதம்? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை அது.

சுவீடனில் விதி இன்னும் கறார். பயணம், போட்டி போன்ற தேவைகளுக்குத் தற்காலிகமாகக் கூண்டில் வைக்கலாம். மற்றபடி, வீட்டில் நாயைச் சிறிய கூண்டுக்குள் அடைத்து வைக்கக் கூடாது. கதவு திறந்திருந்து, நாய் இஷ்டம்போல் வந்துபோகும் கூண்டுக்குத் தடையில்லை. அங்கேயும் எல்லாம் கதவில்தான் இருக்கிறது.

50 ரூபாய் அபராதத்துக்குப் பயந்து யாரும் மாறப்போவதில்லை. சட்டத்தைவிட, வீட்டில் இருப்பவர்கள் கவனிப்பதுதான் நாய்க்குப் பாதுகாப்பு.

மறுபடி அந்த மூன்றாவது மாடிக்கு...

லட்டு வீட்டில் இரண்டாவது இரவே கூண்டை ஹாலிலிருந்து எடுத்து, பாட்டியின் கட்டில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு, சாப்பாட்டுத் தட்டை ஒவ்வொரு வேளையும் ஒரு சாண் உள்ளே நகர்த்தும் வேலையை மகளிடம் கொடுத்தால்? நடு இரவு அலாரத்துக்குக் கணவனும் மனைவியும் முறை வைத்து எழுந்தால்? பாட்டி ஊருக்குக் கிளம்பும் முன், மதியம் வந்து பார்க்க ஒரு ஆளை ஏற்பாடு செய்துவிட்டால்?

சில வாரங்கள் கழித்து ஒரு மதியம், யாரும் கூப்பிடாமலேயே லட்டு எழுந்துபோய்க் கூண்டுக்குள் சுருண்டு படுக்கும். அப்போது கதவு திறந்தே இருக்கும். அதைச் சாத்த வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றாது.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே கூண்டு இருந்தால், இன்று மாலை ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கவனியுங்கள். நாய் ஒருமுறையாவது தானாக உள்ளே போனால், அது அதன் அறை. அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்தால், நாளை காலை அதை உள்ளே விட்டுப் பூட்டும் முன், மேலே சொன்னதை முதலிலிருந்து ஆரம்பியுங்கள். வளர்ந்த நாயும் புதிதாகப் பழகும். குட்டியைவிடக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகலாம், அவ்வளவுதான்.